மறியலில் இருந்தவன்

அனுமதி என்ற சொல்லையே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலாவுக்குப் பெற்றோர் அனுமதி கேட்டு ஒரு தாள் வந்தால்கூட இப்போது பேனையைத் தூக்கி எறியத் தோன்றுகிறது.

என் தம்பியை இந்த நாட்டிலிருந்து திருப்பி அனுப்பலாம் என்று ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்பு பிழை என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. பிழை என்று சொல்லலாமா என்று கேட்கத்தான் உரிமை. அதையும் முதலில், தீர்ப்பு எழுதிய அதே இடத்தில்தான் கேட்க வேண்டும். அடித்தவரிடமே போய், ஐயா, வலிக்கிறது என்று சொல்லட்டுமா என்று கேட்பது போல. வழக்கறிஞர் இதை விளக்கியபோது நான் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். என் காதில்தான் பிழையோ என்று நினைத்தேன். காதில் பிழை இல்லை.

தம்பி என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவன். நான் கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். மன்னாரில் வீட்டு வாசலில் வைத்து ஒரு நாள் பொலிசார் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான்கு மாதம் வைத்திருந்தார்கள். விட்ட பிறகும் அடிக்கடி வீட்டுக்கு வந்து அவன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். இனி அங்கே இருக்க ஏலாது என்று வெளிக்கிட்டு, எப்படியோ இங்கே வந்து சேர்ந்தான். லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் சின்ன அறை அவனுக்கு. வழக்கு முடியும்வரை வேலை செய்யக் கூடாது என்பதால் சமையல், கூட்டுவது, பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரி போடுவது எல்லாம் அவன்தான். அவன் வந்த பிறகுதான் எங்கள் வீடு ஒரு வீடு மாதிரி இருந்தது என்று இவர் என்னைச் சீண்டுவார். இவர் என்பது என் கணவர்.

தம்பி வாய் திறக்கிற ஆள் இல்லை. பத்துக் கேள்வி கேட்டால் ஒரு 'ஓம்' வரும். எங்கள் வீட்டு வாய் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று அம்மா சொல்லுவா. அது உண்மைதான். ஆனால் நீதிபதியின் முன் போய் நின்றது வாய் இல்லாதவன் அல்லவா?

அவனை இரண்டு தரம் விசாரித்திருந்தார்கள். முதலாவது, வந்த உடனே. சின்ன விசாரணை. மொழிபெயர்ப்பாளர் அந்த அறையில் இல்லை. மேசையில் கிடந்த தொலைபேசிக்குள்ளிருந்து பேசியிருக்கிறார். ஏன் வந்தாய் என்று சுருக்கமாகச் சொல், விவரமெல்லாம் பிறகு கேட்போம் என்றார்களாம். இரண்டாவது விசாரணை பல மாதம் கழித்து. அது நீளமானது, ஆள் நேரில் இருந்து மொழிபெயர்த்தார், எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்தார்கள்.

நீதிபதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் விசாரணையில் நான்கு மாதம் ஓர் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதாகச் சொன்ன மனுதாரர், இரண்டாவதில் அதே நான்கு மாதமும் அடைத்து வைக்கப்பட்டிருந்ததாகச் சொல்கிறார். இது சின்ன முரண்பாடு அல்ல, கதையின் அடித்தளமே மாறிவிட்டது. ஆகவே அவர் நம்பத்தக்கவர் அல்லர். இதுதான் தீர்ப்பின் சாரம். மற்றதெல்லாம் இதன் மேல் கட்டியது.

"நீ எந்த ஆர்ப்பாட்டத்துக்கடா போனனி?" என்று கேட்டேன்.

"நான் ஒண்டுக்கும் போகேல்லை அக்கா."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"நான் சொல்லேல்லை."

சொல்லவில்லை என்று அவன் சொல்கிறான். சொன்னதாகத் தாள் சொல்கிறது. தாளின் கீழே அவன் கையெழுத்து இருக்கிறது. இவர் அன்று சாப்பாட்டு மேசையில், நல்ல எண்ணத்தோடுதான், மெதுவாகக் கேட்டார். "தம்பி, எங்களிட்டையாவது உண்மையைச் சொல்லு. பயத்திலை ஏதும் மாத்திச் சொல்லிப்போட்டியோ?" தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு மேலே போனான். பாதிச் சோறு அப்படியே குப்பைக்குள் போயிற்று. நான் இவரோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாதா கோயிலில் இன்னும் மோசம். தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கிற இடத்தில் ஓர் அண்ணை, இங்கே வந்து முப்பது வருடம் இருக்கும், கொடுப்புக்குள், வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டு, "பெடியன் ஒரே கதையிலை நிண்டிருக்க வேணும் தங்கச்சி. நாங்கள் வந்த காலத்திலை அப்பிடித்தான் நிண்டனாங்கள்" என்றார். எனக்கு வந்த கொதியில் கையிலிருந்த கோப்பையை அவர் காலடியில் போட்டு உடைத்திருப்பேன். "அவன்ரை கதை என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ அண்ணை?" என்று மட்டும் கேட்டேன். அவர் பேச்சை மாற்றி, மழை வரப்போகிறது என்றார்.

அவரை விடுங்கள். எனக்கே ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். என் சொந்தத் தம்பியை நானே ஓரக்கண்ணால் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள்.

வழக்கறிஞர் ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண். நல்ல பிள்ளை, ஆனால் எப்போதும் களைத்துப் போயிருப்பாள். மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்பதற்கு, தீர்ப்பு எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது போதாது என்றாள். அநியாயம் என்பதும் போதாது. நீதிபதி சட்டத்தில் பிழை விட்டிருக்க வேண்டும், அல்லது விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று காட்ட வேண்டும். அதையும் இரண்டு கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். "என் தம்பி பொய் சொல்லவில்லை என்பது ஒரு காரணமாகாதா?" என்று கேட்டேன். ஆகாது என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கே அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அதனால் அவளைத் திட்டவும் முடியவில்லை.

நான் டூட்டிங்கில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். அந்தக் கிழமை ஒரு நாள் வேலை முடிந்து, எங்கள் ஆட்களின் கடையொன்றில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பிள்ளை, இந்தியத் தமிழ், தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கத்தரிக்காய் பார்த்தபடி ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பஸ் எப்படிம்மா வரும்? மறியல் பண்றாங்கல்ல. காலைலேருந்து ரோட்டுலயே உக்காந்திருக்காங்களாம். மாமாவும் மறியல்லதான் இருக்காரா? அவருக்கு வேற வேலையே இல்ல."

நானும் இந்தியத் தொலைக்காட்சியில் இந்தச் சொல்லை நூறு தரம் கேட்டிருப்பேன். செய்தியில் வரும், போகும். அன்றைக்குத்தான் அது காதுக்குள் இறங்கியது. கிழங்கைக் கீழே போட்டுவிட்டேன்.

"பிள்ளை, குறை நினைக்காதைங்கோ. மறியல் எண்டால் உங்கட ஊரிலை என்ன?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மறியல்னா... ரோட்ட மறிச்சுப் போராட்டம் பண்றதுங்க. ஏன், உங்க ஊர்ல கிடையாதா?"

"எங்கட ஊரிலை மறியல் எண்டால் ஜெயில்."

"ஜெயிலா! அப்ப எங்க மாமா மாசத்துக்கு ஒருவாட்டி ஜெயிலுக்குப் போயிருக்காருன்னு சொல்லுங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் நாட்டில் மறியல் என்றால் அடைத்து வைத்திருக்கும் இடம். வழக்கு முடியும்வரை உள்ளே வைப்பதை விளக்கமறியல் என்று பத்திரிகையில் தினமும் எழுதுவார்கள். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். நான் சாமானையும் விட்டுவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். தம்பி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"முதல் நாள் அந்தப் போனிலை என்ன சொன்னனி? ஒரு சொல்லும் மாத்தாமல் அப்பிடியே சொல்லு."

"என்னெண்டு... நாலு மாசம் மறியலிலை இருந்தனான், இனி அங்கை இருக்கேலாது, அதுதான் வந்தனான் எண்டு."

"பிறகு? உன்னை யாரும் அடைச்சு வைச்சவையோ எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவை. அதுதான் சொன்னனே எண்டு சொன்னனான்."

அதுதான் சொன்னனே. அந்தப் பதிலுக்கு நேரே தாளில், ஏற்கனவே கூறியது தவிர வேறொன்றுமில்லை என்று எழுதியிருக்கிறது. நான் கதிரையில் இருந்துவிட்டேன். நான்கு மாதம் மறியலில் இருந்தேன் என்று என் தம்பி சொன்னான். நான்கு மாதம் ஆர்ப்பாட்டத்தில் இருந்தேன் என்று தொலைபேசி சொன்னது. அதற்குள் இருந்தவர் இந்தியத் தமிழர் போலும். நான்கு மாதம் யாராவது ரோட்டில் இருப்பார்களா? சாப்பிட வேண்டாமா, நித்திரை கொள்ள வேண்டாமா? கேட்ட அதிகாரிக்கு அது தோன்றவில்லை. தீர்ப்பு எழுதிய, அவ்வளவு படித்த நீதிபதிக்கும் தோன்றவில்லை. பொய்யன் என்பது மட்டும் உடனே தோன்றியிருக்கிறது.

"வேறை என்னெண்டு சொல்லுறது அக்கா? மறியலை மறியல் எண்டுதானே சொல்லுறது" என்றான் தம்பி. வெங்காயத்தை வெட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

வழக்கறிஞர் பிள்ளைக்கு அன்றே தொலைபேசியில் சொன்னேன். களைப்பெல்லாம் போய் அவள் குரல் மாறியது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. முதல் விசாரணையை யாரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. இருப்பது ஆங்கிலம் மட்டும். தம்பியின் வாயிலிருந்து வந்த தமிழ்ச் சொல் அந்த அறையிலேயே காற்றோடு போய்விட்டது. அவன் அதைத்தான் சொன்னான் என்று எப்படிக் காட்டுவது? இரண்டாவது விசாரணையின் ஒலிப்பதிவு இருக்கிறது, அதில் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் உதவும் என்றாள். அந்த இரண்டாவது நாளில் மொழிபெயர்த்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். அவர் அதைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார். கேட்டு இடத்தைக் கண்டுபிடித்துத் தரும்படி ஒலிப்பதிவை எனக்கு அனுப்பினாள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து, குசினி மேசையில் வைத்து அதைப் போட்டேன். தம்பி முதலில் என்னோடு இருந்தான். தன் குரல் வரத் தொடங்கியதும் எழுந்து பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டான். நான் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு இருந்தேன். அந்தச் சொல் கிடைத்தது, திரும்பத் திரும்பக் கிடைத்தது. மறியலிலை லைற் எந்த நேரமும் எரியும். மறியலிலை படுக்க இடம் காணாது. மறியலிலை ஒரு பெடியன் அம்மா அம்மா எண்டு கத்துவான், பிறகு ஒரு நாள் அவன்ரை சத்தம் இல்லை. அதற்குப் பிறகு அவனுக்குச் செய்ததைப் பற்றிக் கேட்டார்கள். அவன் சொன்னான். ஓம் என்பதைத் தவிர ஒன்றும் பேசாத என் தம்பி, முன்பின் தெரியாத ஆட்களுக்கு, ஒன்றும் விடாமல் சொல்லியிருந்தான்.

எனக்கு அதுவரை அது எதுவும் தெரியாது. நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. யன்னலால் பார்த்தேன். தோட்டத்தில் அவன் பிள்ளைகளின் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான். இதையெல்லாம் கேட்ட பிறகும் நம்பத்தக்கவர் அல்லர் என்று எழுத ஒருவருக்குக் கை வந்திருக்கிறதே என்று நினைத்தேன்.  அப்போது மூண்ட எரிச்சல் இன்னும் அணையவில்லை. அணையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சொல்லுக்கு இரண்டு கரையிலும் இரண்டு பொருள் என்று ஒரு தமிழ்ப் பேராசிரியர் எழுதித் தந்தார். வழக்கறிஞர் எல்லாவற்றையும் சேர்த்து முதல் விண்ணப்பத்தை அனுப்பினாள். மறுத்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பில் குறை இருந்தால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பேசியது விளங்கியது என்று மனுதாரர் கையெழுத்து வைத்திருக்கிறார். இதுதான் காரணம்.

மொழிபெயர்ப்பாளர் பேசிய தமிழ் அவனுக்கு விளங்கியதுதான், யார் இல்லையென்றது? அவர் அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் என்ன சொன்னார் என்பது அவனுக்கு எப்படி விளங்கும்? ஆங்கிலம் விளங்கினால் மொழிபெயர்ப்பாளர் எதற்கு? நான் இதை வழக்கறிஞர் பிள்ளையிடம் கத்தினேன். தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் கத்தினேன். அடுத்த நாள் வேலையில், பல் பிடுங்க வந்த ஒரு கிழவரிடம் வழக்கம்போல அவர் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டு, எந்தப் பக்கம், எந்தப் பல் என்றும் கேட்டேன். உள்ளே நேர்சும் கேட்பா, பிறகு டொக்டரும் கேட்பார். மாறிப் பிடுங்கிவிடக் கூடாது அல்லவா. கிழவர் அலுத்துக்கொண்டு, இதோடு எத்தனை தரம் கேட்கிறீர்கள் என்றார்.  அந்தக் கிழவரின் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு இருந்த மரியாதை என் தம்பிக்கு இருக்கவில்லை.

அதற்கு மேலே இருக்கிற கோர்ட்டில் கடைசியாக ஒரு தரம் அனுமதி கேட்கலாம். அதுவும் போனால் அவன் போக வேண்டியதுதான். அந்த மாதங்களில் தம்பி குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போகிற நாட்களில் எனக்குப் பச்சைத் தண்ணீரும் இறங்காது. போன இடத்தில் அப்படியே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அவன் திரும்பி வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிற சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும்.

பதில் வந்த அன்று வழக்கறிஞர் பிள்ளை தொலைபேசியில் அழுகிற குரலில், கிடைத்துவிட்டது என்றாள். முரண்பாடு என்று கருதப்பட்டது மொழிபெயர்ப்பால் வந்திருக்கலாம் என்பது வாதிடத்தக்கது என்று எழுதியிருந்தார்களாம். தம்பியிடம் சொன்னேன்.

"அப்ப என்னை விட்டிட்டாங்களோ?"

"இல்லை. நாங்கள் சொல்லலாம் எண்டு சொல்லியிருக்கினம்."

அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் கண்டு வெகு காலம். ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை.

பிறகு மேல் கோர்ட் பழைய தீர்ப்பைத் தள்ளிவிட்டு, வழக்கை முதலிலிருந்து வேறொரு நீதிபதி கேட்க வேண்டும் என்றது. புதிய விசாரணையின் முடிவில் அவனுக்கு இங்கே இருக்க விசா கிடைத்தது. கோயிலில் எல்லோரும் கை கொடுத்தார்கள். அந்த அண்ணையும் கொடுத்தார், நான் சொன்னன்தானே என்றார். இனிக் கோபத்தை விடு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்கிறார் இவர். எதை விடுவது? புதிய விசாரணையில் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மொழிபெயர்க்க வந்தவ கண்ணாடி போட்ட ஓர் இந்தியத் தமிழ் அம்மா. வழக்கறிஞர் பிள்ளை முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருந்தாள், எல்லாத் தமிழருக்கும் விளங்குகிற ஒரு சொல்லைச் சொல்லப் பழகச் சொல்லுங்கள் என்று. சிறை என்று சொன்னால் பாதுகாப்பு. குசினியில் வைத்து நான் நீதிபதி மாதிரிக் கேட்பேன், அவன் 'சிறையிலை இருந்தனான்' என்பான். ஒரு கிழமை முழுக்க இதுதான் எங்கள் வேலை.

அந்த நான்கு மாதமும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள். தம்பி பின்னால் இருந்த என்னைத் திரும்பி ஒரு தரம் பார்த்தான்.

"மறியலிலை இருந்தனான்."

எனக்கு எழுந்து போய் அவன் தலையில் குட்டலாம் போல இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அம்மா வாயைத் திறந்தவ, மூடிக்கொண்டா. ஒரு சொல்லை விளக்கிக் கேட்க அனுமதி வேண்டும் என்று நீதிபதியிடம் சொன்னா. நீதிபதி தலையை ஆட்டினார். அவ்வளவுதான் அந்த அனுமதி. விண்ணப்பமும் இல்லை, தவணையும் இல்லை.

"மன்னிக்கணும் தம்பி, மறியல்னு நீங்க எதைச் சொல்றீங்க?"

"கதவை வெளியாலை பூட்டுவாங்கள். அதுதான்."

அம்மா அதை ஆங்கிலத்தில் சொன்னா. நீதிபதி எழுதிக்கொண்டார். முதல் நாளே அந்தத் தொலைபேசிக்குள் இருந்தவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேல் தட்டில் இருந்தோம். பொறுக்க முடியாமல் கேட்டேன். "இவ்வளவு பழக்கினனான், ஏனடா சிறை எண்டு சொல்லேல்லை? என்னைக் கொல்லப் பாத்தனியோ?"

அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கம்போலப் பேச மாட்டான் என்றுதான் நினைத்தேன்.

"மாத்திச் சொன்னவன் எண்டுதானே அக்கா எழுதினவங்கள். நான் ஒரு நாளும் மாத்தேல்லை. இண்டைக்கு மாத்தியிருந்தால், அவங்கள் எழுதினது சரியாப் போயிருக்கும்."